சிங்குக்கு அடியில் கிடந்தவர் பங்கு

நூற்று எண்பத்தாறு டாலர் நாற்பது சென்ட். பத்தொன்பது வருடமாக வெர்லின் டாகெட்டுக்கு வராத பணம். அந்த பில்லை வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே சொருகி வைத்திருந்தார். இரண்டு வண்டி மாறிவிட்டன, பில் மாறவில்லை.

கொடுக்க வேண்டியவர் ஹோலிஸ் டர்ன்போ. பாட்டுத் தொழிலுக்குப் பேர்போன நாஷ்வில்லில் பாட்டு எழுதிப் பிழைத்த மனுஷன். அவர் எழுதியதைப் பாடியவர்களெல்லாம் பெரிய பெரிய வீடு கட்டிக்கொண்டார்கள், அவர் வீட்டில் குழாய்தான் ஒழுகியது. வெர்லின் ஒரு நாள் பூராவும் அந்தச் சமையலறை சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து அடைப்பெடுத்தார், குழாய் மாற்றினார், ஹீட்டரையும் சரி பண்ணினார். "அடுத்த வாரம் தந்துர்றேன்" என்றார் ஹோலிஸ். அந்த வாரம் வரவே இல்லை.

ஒரே ஒரு தடவை போன் வந்தது. "வெர்லின், ஒரு பாட்டு விஷயமா..." என்று ஹோலிஸ் இழுக்கவும் இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாட்டைக் குடுத்தா கடைக்காரன் மாவு தருவானா? காசு இருந்தா கூப்பிடு" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து ரேடியோவில் அந்த ஆள் எழுதிய பாட்டு வந்தால் உடனே அணைத்துவிடுவார்.

போன வருடம் ஹோலிஸ் செத்துப்போனார். பில் மட்டும் சாகவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹீட்டரில் ஒட்டியிருந்த வெர்லினின் பழைய நம்பரைப் பார்த்து ஹோலிஸின் மகள் மார்வா கூப்பிட்டாள்.

"மிஸ்டர் வெர்லின், அப்பா ஞாபகமா ஒரு ஆல்பம் போடுறோம். அவர் பாட்டைப் பன்னெண்டு பேர் பாடுறாங்க. அவர் வீட்லயேதான் பதிவு. தரைக்குக் கீழ குழாய் ஒண்ணு டொக்கு டொக்குன்னு தாளம் போட்டு மானத்தை வாங்குது. பாடுற அம்மா நாலு மணிக்குக் கிளம்பிருவாங்க."

"பழைய பாக்கி ஒண்ணு இருக்கும்மா. அதை முதல்ல பேசணும்."

"அப்பாகிட்ட பாக்கியா? வரிசைல நீங்க எத்தனாவது ஆளுன்னு பார்க்கணுமே!" என்று சிரித்தாள். "வாங்க, பேசிக்கலாம்."

இன்றைக்கு வாங்காமல் திரும்புவதில்லை என்று பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார் வெர்லின்.

எழுபத்தொரு வயதில் வீட்டின் பலகைத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் தவழ்ந்து போவது லேசில்லை. முழங்கையில் மண், முகத்தில் சிலந்தி வலை. சமையலறைக்கு நேர் கீழே குழாய் பிடி விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பட்டை அடித்தாயிற்று. மூன்றாவதைக் கையில் எடுத்தபோது தலைக்கு மேலே யாரோ, "எல்லாரும் சத்தம் போடாதீங்க, ஆரம்பிக்குது" என்றார்கள். கீழே ஆள் இருப்பதை மறந்தே போய்விட்டார்கள். இவர் கத்த வாயெடுப்பதற்குள் கிட்டார் தொடங்கிவிட்டது.

சரி, முடியட்டும் என்று டிரில்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தார். பாடியது லீத்தா ஸ்பைவி என்கிற பாடகி. குரல் பலகை வழியாகக் கசிந்து இறங்கியது. அவள் காலால் தாளம் தட்டத் தட்ட இவர் முகத்தில் தூசி கொட்டியது. முதல் அடிகள் இவர் காதில் ஏறவே இல்லை. நூற்று எண்பத்தாறுக்கு வட்டி கேட்கலாமா, வேண்டாமா என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவள் பாடினாள்:

*இரண்டு கோப்பையும் கழுவி வைக்கிறேன்,*
*ஒன்றில்தான் குடிக்கிறேன்.*

வெர்லினுக்கு வட்டிக் கணக்கு அங்கேயே விட்டுப்போயிற்று.

அது அவர் சொன்ன சொல். இந்த வீட்டுக் குழாயை மாற்றிய வருடம் குளிர்காலத்தில்தான் அவர் மனைவி ட்ரீவா போய்ச் சேர்ந்தாள். அவர் சிங்குக்கு அடியில் கிடந்தபோது, மேஜையில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த ஹோலிஸ், "வீட்ல எப்படி ஓட்டுறீங்க?" என்று கேட்டார். எதிரே முகம் ஒன்றும் இல்லை, குழாய் மட்டும்தான். அதனால் வாயிலிருந்து வந்துவிட்டது. சபைப் போதகரிடம் சொல்லாதது, கூடப்பிறந்த தங்கையிடம் சொல்லாதது.

பாட்டு அதோடு நிற்கவில்லை. இவர் சொல்லாததும் அதில் வந்தது. ஆணியில் மாட்டியபடியே இருக்கும் அவளுடைய கோட்டு. வெந்நீர் தீர்ந்துவிட்டதென்று சண்டை போட ஆளில்லாத காலைகள். ஹோலிஸ் இவர் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் உள்ளே நுழைந்து அறை அறையாக விளக்கைப் போட்டதுபோல் இருந்தது. மண்ணில் மல்லாந்து கிடந்தவருக்குக் கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை எழவில்லை. அசைந்தால் மேலே நடப்பது கலைந்துவிடும் என்று பயந்தார்.

பாட்டு முடிந்தது. மேலே ஒருத்தர் இருமினார். வெர்லின் மூன்றாவது பட்டையை டிரில் போட்டு இறுக்கினார்.

"ஐயோ, கீழ யாரோ இருக்காங்க!" என்று லீத்தா அலறினாள்.

"பிளம்பர்தாங்க! பயப்படாதீங்க!" என்று மார்வா வெளியே ஓடி வந்தாள். மண் அப்பிய முகத்தில் இரண்டு ஈரக்கோட்டோடு வெளியே வந்தவரைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அந்தக் கோப்பை..." என்றார் வெர்லின். "அது நான் சொன்னதும்மா."

மார்வா உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து விரித்தாள். பாட்டுக்குக் கீழே ஹோலிஸின் கையெழுத்து: 'பாதி நான். பாதி, சிங்குக்கு அடியில் கிடந்தவர்.'

"பாட்டு பொறக்கும்போது ரூம்ல யார் இருந்தாலும் சம பங்கு. இந்த ஊர் வழக்கம் அதுதானே, மிஸ்டர் வெர்லின். பேர் எழுதாம விட்டுட்டாரேன்னு, அப்பா போனப்புறம் இந்த நோட்டைப் பார்த்ததிலிருந்து நான் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். அப்பா இருந்தப்போ பேர் சொல்லாம சொல்லுவார், அந்த ஆளுக்கு ஒரு தடவை போன் பண்ணேன், வாயைத் திறக்கறதுக்குள்ள வச்சுட்டார்னு."

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா இதைப் பாடி ஒரு சின்ன இசைத்தட்டு போட்டார். ரொம்பப் பேர் வாங்கலை. இதுவரைக்கும் உங்க பங்கு பதினோரு டாலர்," என்று சிரிக்கப் பார்த்தாள். "இனிமே கூட வரும். ஆல்பத்துல உங்க பேரைப் போடணும், எழுத்து சரியா சொல்லுங்க. ஆமா, அப்பா எவ்வளவு தரணும்? நான் செக் எழுதித் தர்றேன்."

"இன்னைக்கு வேலைக்கு எண்பது டாலர். அதை விடமாட்டேன்" என்றார் வெர்லின். பிறகு சட்டைப்பையிலிருந்து பழைய பில்லை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அவளிடம் பேனா வாங்கி, நூற்று எண்பத்தாறு டாலர் நாற்பது சென்டுக்குக் கீழே, 'முழுவதும் வந்து சேர்ந்தது' என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த நோட்டுக்குள்ளேயே வைத்து மூடிக் கொடுத்தார்.