கழுத்துப் பெரட்டு

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த எழுபத்தொன்றாம் வருடம் தை மாதத்தில், போடியில் ஒச்சம்மாளின் கழுத்து பேர் கூப்பிட ஆரம்பித்தது. மலைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். சிறுபிள்ளையிலிருந்தே தொண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கழலை உண்டு. விடிந்ததும் அந்தக் கழலை, "முடி! நகம்! முட்டி! ஈரல்! நெஞ்சு!" என்று கணீரென்று கூப்பிட்டது. உடம்புக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக "இருக்கேன்" என்றது. பதில் சொன்ன உறுப்பு சூடேறி வேலைக்குக் கிளம்பியது. தெருக்காரர்கள் இரண்டொரு நாள் வேடிக்கை பார்த்துவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போனார்கள்.

கொஞ்சமும் ஆச்சரியப்படாதவர் அவள் புருஷன் சோலைமலை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அவர் குரலுக்கு எதிர்மலையில் நிற்பவனும் "இருக்கேன்" என்பான். ஒச்சம்மாளும் அந்த வரிசையில் நின்று பதில் சொன்னவள்தான். "ஒச்சம்மா" என்னும்போது மட்டும் கங்காணி குரல் குழைகிறதே என்று கண்டுபிடித்து ஊரே கல்யாணம் பண்ணிவைத்தது. தாலி கட்டிய மறுநாளே மனுஷனுக்கு வெட்கம் வந்துவிட்டது. பெரட்டில் அவள் முறை வந்தால் இருமிவிட்டு அடுத்த பேருக்குப் போவார். மகள் செல்லக்கிளி பிறந்ததும் 'செல்லக்கிளி ஆத்தா' என்று ஒரு வழி கிடைத்தது. அந்த வழியிலேயே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டார்.

வயது ஏற ஏற உடம்பில் ஆள் குறைந்தது. முதலில் முடி பதில் சொல்லாமல் கொட்டியது. பிறகு நகம். முட்டி ஊமையானதும் மலைக்குப் போவது நின்றது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு, "குளுருதே" என்றாள். கழுத்துக்குத்தான் சத்து இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டி, எங்கிருந்தோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போனதும் கழுத்து போட்ட சத்தத்தில், ஜீப்புக்குக் காத்திருந்த தோட்டத்து ஆட்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று "இருக்கேன்" சொல்லித் தொலைத்தார்கள். முட்டி மட்டும் சொல்லவில்லை.

எண்பத்து மூன்றில் செல்லக்கிளி ஆத்தாவையும் அப்பாவையும் மதுரைக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சோலைமலையிடம் பொறுமையாகச் சொன்னார். "கழுத்து சரியாத்தான் கூப்பிடுது ஐயா. அது அனுப்புற சுரப்பு ரத்தத்துல குறையாம ஓடுது. அதை வாங்கிக்கிற காது மாதிரி ஒண்ணு ஒவ்வொரு உறுப்புக்குள்ளயும் இருக்கணும். அந்தக் காதைச் செய்யச் சொல்ற மரபணு, வயசானா சில எடத்துல சோர்ந்துபோகுது. ஈரலுக்கு ஒரு மாதிரி, நெஞ்சுக்கு ஒரு மாதிரி. ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. மாத்திரையக் கூட்டுனா கழுத்துதான் கத்தும்."

திரும்பும் பஸ்சில் சோலைமலைக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது: நெஞ்சு பதில் சொல்லாத நாள் வந்தால்? அதற்குப் பிறகு விடியல் என்றாலே பயந்தார். மற்ற உறுப்புகள் எக்கேடும் கெடட்டும், நெஞ்சின் "இருக்கேன்" கேட்ட பிறகுதான் அவருக்குக் காப்பி இறங்கும்.

எண்பத்தாறு மார்கழியில் ஒருநாள் கழுத்து "நெஞ்சு!" என்றது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது, இல்லை. ஒச்சம்மாளின் கை ஐஸ் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. "அப்பா, எதாச்சும் செய்யுங்க!" என்று செல்லக்கிளி அழுதாள். சோலைமலை குனிந்து மனைவியின் மார்பருகே வாயை வைத்து, பழைய கங்காணிக் குரலில் "நெஞ்சு!" என்று கத்தினார். கூரை ஓடு அதிர்ந்தது. "செல்லக்கிளி ஆத்தா!" என்றார். நெஞ்சு அசையவில்லை, அது யாருக்கும் ஆத்தா இல்லையே. எழுபது வயதில், மகளும் தெருவும் பார்த்து நிற்க, அவருக்கு முகம் சிவந்தது. குரல் தானாகக் குழைந்தது.

"ஒச்சம்மா."

"இருக்கேன்" என்றது நெஞ்சு, வரிசையில் நிற்கும் பெண்பிள்ளை மாதிரி.

சற்று நேரத்தில் ஒச்சம்மாள் கண் திறந்தாள். "இத்தன வருசமா எங்க போயிருந்துச்சு இந்தப் பேரு?" என்று கேட்டாள். சோலைமலை இருமினார்.

அன்று முதல் கழுத்து மற்ற பேர்களைக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் முறை வந்ததும் நிறுத்திக்கொண்டது. அதை மட்டும் சோலைமலை கூப்பிட்டார். தெருமுனையில் நின்ற ஜீப்புக்காரர்கள் அந்த "இருக்கேன்" காதில் விழுந்த பிறகே மெட்டுக்கு வண்டியை எடுத்தார்கள்.