நடுவில் இருந்த குரல்

இளஞ்செழியன் பூதலூரிலிருந்து தினமும் ரயிலேறி தஞ்சாவூரில் வேளாண்மை அலுவலகத்துக்குப் போய்வருபவன். வீட்டு மாடியறையில் ஒரு கீபோர்டும் மைக்கும் சின்ன ரெக்கார்டரும் வைத்து ஓய்வு நேரத்தில் பாட்டுப் பதிவு செய்வான். அவனுடைய அக்கா ஜெயபாரதி ஊரின் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்கு அவள் ஒரு பாட்டு எழுதியிருந்தாள். மெட்டும் இசையும் இவன். பாடியதும் அவளே.

அவள் பாட ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். போன வருடம் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து மாதக்கணக்கில் அவளுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. வகுப்பில் பேசவே சிரமப்பட்டவள், மெல்ல மெல்லப் பழகிப் பழையபடி பாடத் தொடங்கியிருந்தாள்.

பதிவு முடிந்து ஹெட்போனில் கேட்டபோது குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஹெட்போன் ஏமாற்றும், ஸ்டுடியோ ஸ்பீக்கர்தான் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று யூடியூபில் யாரோ பேசியது அவன் மனதில் பதிந்திருந்தது. ஆசைப்பட்டுக் காத்திருந்த ஸ்பீக்கர் ஜோடியும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், கரண்டில் செருகினால் போதும் என்கிற வகை.

ஸ்பீக்கருக்கும் ரெக்கார்டருக்கும் துளை அளவு ஒத்துப்போகவில்லை. ரெக்கார்டரின் பின்னால் இடது, வலது என்று தனித்தனியாக ஒலி வெளிவரும் துளைகள் இருந்தாலும் அவற்றுக்கான கேபிள் கடையில் இல்லை. அதனால் ஹெட்போன் துளையில் மாட்டுகிற ஒரு அடாப்டரும், அதிலிருந்து பிரிந்து ஸ்பீக்கர்களுக்குப் போகும் இரண்டு கேபிளும் வாங்கி வந்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தினால் சரி என்று நினைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டைக் கேட்க அக்காவோடு தலைமையாசிரியர் அண்ணாதுரையும் வந்தார். இளஞ்செழியனின் மனைவி மாலதி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். அவன் பொத்தானை அழுத்தினான்.

கீபோர்டு அறை முழுவதும் விரிந்து எழுந்தது. தான் வாசித்ததா இது என்று அவனே சிலிர்த்துப்போனான். பிறகு குரல் வரவேண்டிய இடம் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

"மியூசிக் பிரமாதம் தம்பி," என்றார் அண்ணாதுரை. "டீச்சர் குரல்தான்..." என்று இழுத்தார்.

ஜெயபாரதி ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் சத்தமா வை செழியா."

வைத்தான். இசைதான் கூடியது.

"நல்லாத்தானே பாடுனேன்?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டாள்.

ஹெட்போனில் கேட்டதைச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. "ஆபரேஷனுக்கப்பறம் தொண்டை இன்னும் செட்டாகலக்கா. நமக்குப் பழகிப்போனதால தெரியல. ஸ்பீக்கர் காட்டிக்குடுத்துடுச்சு. நீ ரெஸ்ட் எடு. உங்க ஸ்கூல்ல புதுசா வந்திருக்காங்களே செம்மொழி டீச்சர், அவங்கள பாட வெச்சிக்கலாம். சார் என்ன சொல்றீங்க?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க," என்றார் அவர்.

ஜெயபாரதி காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். "ஆமா, விழாவுக்கு நல்லா இருக்கணும்ல," என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனாள். அன்று சாயங்காலம் அந்த இசையை அவன் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை செம்மொழி வந்தாள். சின்ன வயது, கணீரென்ற குரல். ஒரே மூச்சில் பாடி முடித்தாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான். அதே கிணறு, அதே முனகல்.

செம்மொழியின் முகம் வாடியது. "நான் மைக்க விட்டுத் தள்ளி நின்னுட்டேனா சார்?"

வாசலில் நின்றிருந்த மாலதி, "ஊர்ல எல்லாருக்குமா தொண்டை கெட்டுப்போச்சு?" என்றாள்.

இளஞ்செழியன் அவசரமாக ஸ்பீக்கரின் பின்னால் கையைவிட்டுக் கேபிளை அசைத்தான். அது பாதி கழன்றது. கழன்ற நொடியில் செம்மொழியின் குரல் முழுசாக, எதிரில் நின்று பாடுவதுபோல வெடித்து வந்தது. சரியாக அழுத்திச் செருகினான், மறைந்தது. பாதி இழுத்தான், வந்தது.

ஸ்பீக்கரோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து அப்போதுதான் படித்தான். அந்தத் துளையில் ஸ்பீக்கர், ஒரே கேபிளுக்குள் ஓடும் இரண்டு கம்பிகளில் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். ஹெட்போன் துளையிலிருந்து இழுத்ததால் ஒரு கம்பியில் இடது காதுக்கானதும் மற்றதில் வலது காதுக்கானதும் வந்தன. இரண்டிலும் சமமாக இருப்பது கழிந்துபோகும். பாட்டில் எப்போதும் நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைக்கப்படுவது பாடுகிறவரின் குரல். அவனுடைய கீபோர்டுதான் இடமும் வலமுமாகப் பிரிந்து கிடந்தது. அதனால் அது மட்டும் தப்பித்தது. கேபிளைப் பாதி இழுத்தால் ஒரு கம்பி விட்டுப்போய், கழிவதும் நின்றுவிடும்.

கேபிளைப் பாதி இழுத்தபடியே அக்காவின் பதிவைப் போட்டான். குரல் அறையை நிறைத்தது. இரண்டாவது சரணத்தில் மேலே போகிற இடத்தில்கூடப் பிசிறில்லை.

"டீச்சர் பாடுனதா?" செம்மொழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இத வெச்சிக்கிட்டா சார் என்னைய கூப்புட்டீங்க?"

அவள் போன பிறகு அவன் போனைக் கையில் எடுத்தான். "அக்காகிட்ட, நான் சரிபண்ணி குரலைக் கொண்டுவந்துட்டேன்னு சொல்லிடவா?" என்று மாலதியைக் கேட்டான்.

"நீங்க எதைச் சரிபண்ணீங்க?" என்றாள் அவள். "அண்ணி குரலா கெட்டுக் கெடந்துச்சு?"

அந்தக் கேள்வியோடு கிளம்பினான். ரயில்வே கேட்டைத் தாண்டி அக்காவின் வீடு. அவள் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கேபிளைப் பற்றிச் சொன்னான். ஹெட்போனில் கேட்டபோது நன்றாக இருந்ததையும் மறைக்காமல் சொன்னான். "மியூசிக் பிரமாதம்னு சார் சொன்னாரா, அதுல எனக்கு வேற எதுவும் கேக்கலக்கா," என்றான்.

ஜெயபாரதி பேனாவை மூடி வைத்தாள்.

"திங்கக்கிழமை லீவு போட்டுட்டு தஞ்சாவூர் போனேன்," என்றாள். "மூக்கு வழியா குழாய் வுட்டுப் பாத்தாங்க. கண்ணுல தண்ணியா கொட்டுது. டாக்டர், ஒண்ணுமில்லம்மா, குரல்நாண் ரெண்டும் நல்லா இருக்குன்னு சொன்னாரு. நான் நம்பல. ஆறுதலுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். என் தம்பி சொன்னா சரியா இருக்கும்னு இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இளஞ்செழியனுக்கு.

"சார்கிட்ட நானே சொல்லிடுறேங்க்கா. ஒன் பாட்டையே போட்டுடலாம்."

"சொல்லு. அவரு முன்னாடிதானே என்னைய சொன்ன. ஆனா பாட்டு செம்மொழி பாடுனதே இருக்கட்டும். அந்தப் பொண்ணு வீட்டுலல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டிருக்கும். இப்ப அவகிட்டேருந்து புடுங்கினா, நீ எனக்குப் பண்ணுனத நான் அவளுக்குப் பண்ணுன மாதிரி ஆயிடும்."

"அக்கா..."

"வேணாம்னா வேணாம்."

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், ஆசிரியர் அறையில் மற்ற ஆசிரியர்களும் இருக்கும்போதே அண்ணாதுரையிடம் சொன்னான். அவர் சிரித்து, "மிஷின் கோளாறுதானே, விடுங்க," என்றார். அந்தச் சமாதானம் அவனுக்கு ஒட்டவில்லை. மிஷின் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லையே.

விழாவில் பிள்ளைகள் செம்மொழியின் குரலுக்கு ஆடினார்கள். நன்றாகவே இருந்தது. இசையமைத்தவர் என்று மேடையில் அவன் தோளில் துண்டு போர்த்தினார்கள். கைதட்டலில் அவனுக்குக் காது கூசியது. கீழே முதல் வரிசையில் அக்கா எல்லோரையும் போலத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்ததும் அவனே அவளிடம் போய் நின்றான். அவள் துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இன்னொரு பாட்டு எழுதியிருக்கேன்," என்றாள். "பரீட்சை முடியட்டும், வர்றேன். நான்தான் பாடுவேன்."

அவன் துண்டை எடுத்து மடித்தபடி தலையை ஆட்டினான்.