ராணி மூக்கு

மூன்றாவது தாளையும் தேவசுந்தரம் கையால் தள்ளிவிட்டார்.

"இது இல்லலேய். இன்னும் கிழக்க."

பெனோ நான்காவது தாளை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் நைட் டூட்டி முடிந்ததும், அப்பா சொன்ன அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கை வைத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் தென்துருவக் கண்டத்தின் சாட்டிலைட் படங்களைத் தேடி அச்செடுத்து, நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான். இன்று தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

வெள்ளைப் பனிக்கு நடுவே பழுப்பாக ஒரு பாறைமுனை கடலுக்குள் நீண்டு, நுனியில் வளைந்திருந்தது. அப்பாவின் விரல் அதில் போய் நின்றது.

"இதுதான். ராணி மூக்கு."

கட்டிலின் மறுபக்கம் அம்மா சுகிர்தராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருபத்தைந்து வருடச் சண்டை அது. எண்பத்திரண்டில், ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சாமான் ஏற்றிப்போன கப்பலில் அப்பா மாலுமி. வரைபடத்தில் அந்த முனைக்குப் பெயரில்லை. நங்கூரம் போடும் இடத்தைச் சொல்லவாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது. அப்பா வைத்த பெயரைக் கப்பலே பிடித்துக்கொண்டது. ஊருக்கு வந்தும் அதையே சொல்லித் திரிந்தார். சர்ச்சில் பெண்கள் அம்மாவின் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"காட்டு பாப்போம்." அம்மா திடீரென்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினாள். "எனக்கு இவ்வளவு கோணலாவா இருக்கு?"

"மேல இருந்து பாத்தா ஆரு மூக்குதான் நல்லாருக்கும்? கப்பல்ல நின்னு பாக்கணும்."

"பேரு வைக்கணும்னா ராணின்னு வச்சா போதாதா? மூக்கு எதுக்கு?"

அப்பா மூச்சு வாங்கினார். "ராணின்னு ஊருக்குப் பத்து பேரு உண்டு. மூக்கு உனக்கு மட்டுந்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். அது இருமலாக மாற, மலையாளி நர்ஸ் அதட்ட ஓடிவந்தாள். ஒரு வாரமாக இந்தக் கதையைக் கேட்டிருந்தவள், அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதியம் பெனோ கேன்டீனில் டீ வாங்கி வருவதற்குள் அப்பா போய்விட்டார். அம்மா அவருடைய தலைமுடியை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு, அப்பாவின் உடலை ஊருக்குக் கொண்டுபோக நான்கு நாள் அலைச்சல். எம்பஸி படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ரிட்டயர்ட் என்று எழுதப்போனவனை அம்மா தடுத்தாள்.

"கப்பல்காரருன்னு எழுது மக்களே."

திருவனந்தபுரம் விமானத்தில் அம்மாவுக்கு ஜன்னலோரம். பெனோவைத் தாண்டி அடுத்த இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அம்மாவும் மகனுமா ஊருக்குப் போறீங்க?"

"எங்க வீட்டுக்காரரும் வாறாரு," என்றாள் அம்மா. "கீழ இருக்காரு."

அந்தப் பெண் புன்னகையோடு தலையாட்டினாள். பெனோ குனிந்து அம்மாவின் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டான்.