ஹார்க்னெஸ் துப்பாக்கியின் இடது காது

துப்பாக்கிக் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் நான்கே வரிகள் இருந்தன. தோட்டா அறையை அடைத்துப் பூட்டும் போல்ட்டின் இடது காதைத் திறமையற்ற யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார்கள், எங்கள் தொழிற்சாலையில் அப்படிச் செய்யும் வழக்கமே இல்லை, எல்லா ஹார்க்னெஸ் துப்பாக்கிகளும் ஒரே அளவில் செய்யப்பட்டவை, விபத்துக்கு வருந்துகிறோம்.

யாருடைய பெயரும் அதில் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. மிஷிகனின் வடகோடியில் இருந்த அந்த ஊரில் துப்பாக்கி பழுதுபார்க்க வெர்னா லாத்தியை விட்டால் ஆள் கிடையாது.

போன நவம்பரில் வில்பர்ட் நீமியின் ஹார்க்னெஸ் அவன் கையிலேயே உடைந்து பின்பக்கமாகச் சிதறியது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வெர்னா அதில் ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்திருந்தாள். ஊருக்கு அது போதும். கடிதத்தின் நகலை ரே கோஸ்கி தன் இரும்புக்கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டினார். 'என் துப்பாக்கியை வெர்னா பழுது பார்த்தாள்' என்று கம்பெனி அனுப்பிய தாளில் வில்பர்ட் இடது கையால் கையெழுத்துப் போட்டான். அதன்பின் ஒரு வருடமாக அவள் பட்டறைக்கு வந்தவை பனி அள்ளும் எந்திரங்கள் மட்டும்தான்.

அவள் அரம் போடவில்லை. ஆனால் அரம் போட்டிருந்ததைப் பார்த்தாள். ஸ்பிரிங் மாற்றப் போல்ட்டை வெளியே எடுத்தபோது இடது காதில் குறுக்குக் கோடுகள் தெரிந்தன. தொழிற்சாலை வேலைதானே என்று மூடிவிட்டாள். இதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடமாக இரவில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது கம்பெனி மேலிருந்த கோபம் மட்டுமல்ல.

மான் வேட்டைக்கு நான்கு நாள் இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர் ஆண்கள் எல்லாரும் சரளைக்கல் குழிக்கு வந்து குறி சரிபார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் ஹார்க்னெஸ்தான் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில், தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் முடிந்த கையோடு, ஒரு ரயில்பெட்டி நிறைய வந்து மலிவாக விற்றவை.

வெர்னா மடக்கு மேசையும் மெழுகுவர்த்தியும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு போனாள். டிரக்குகள் நின்ற வரிசைக்கும் சுடும் இடத்துக்கும் நடுவில், எல்லாரும் தாண்டித்தான் போக வேண்டிய இடத்தில், மேசையை விரித்தாள்.

"என்ன வெர்னா, பாஸ்டி ரொட்டி விக்க வந்துட்டியா?" என்றார் ரே. "மாட்டுக்கறி வெச்சதுன்னா ரெண்டு குடு."

சிரிப்பு எழுந்தது. வெர்னாவுக்கு முகம் சிவந்தது. கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. நேற்று ராத்திரி ஒத்திகை பார்த்துவைத்த வாக்கியம் மறந்துபோயிற்று.

"உங்க துப்பாக்கியக் குடுங்க ரே" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

"எதுக்கு? எனக்குப் பத்து விரலும் வேணும்மா."

இந்த முறை சிரிப்பு பெரிதாக இருந்தது. வில்பர்ட் தன் டிரக்கின் பின்கதவில் உட்கார்ந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை. கையை ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அதைப் பார்த்ததும் வெர்னாவுக்குக் குரல் வந்துவிட்டது.

"இங்க பாருங்க. போல்ட்ட வெளிய எடுக்கணும்னா இந்தத் திருகாணியக் கழட்டணும். கம்பெனியில அது தலமேல ஒரு புள்ளி அடிச்சு வெச்சிருப்பான். யாராவது தெறந்தா அந்தப் புள்ளி சிதஞ்சுரும். உங்க துப்பாக்கிய யாராவது தெறந்திருக்காங்களா ரே?"

"எவனும் தொட்டதில்ல. வாங்குனதுலேர்ந்து நாந்தான் தொடைக்கிறேன், அதுவும் குழல் முனையிலேர்ந்து. முப்பத்திமூணு வருஷம்!"

"அப்ப என்ன பயம்?"

"எனக்கென்ன பயம்?"

"பின்ன குடுங்க."

பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரே துப்பாக்கியைக் காலி செய்து மேசைமேல் போட்டார், மேசை ஆடும்படி.

புள்ளி முழுதாக இருந்தது. வெர்னா அதை ரேயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவருக்குப் பின்னால் நின்றவர்களையும். பிறகுதான் திருகாணியில் கை வைத்தாள். முப்பத்துமூன்று வருடப் பிடிப்பு. அது விட்டுக்கொடுத்தபோது கீச்சென்று கத்தியது.

போல்ட் வெளியே வந்தது. கட்டைவிரல் தடிமனில் ஓர் உருக்கு உருளை. அதன் தலையில் இரண்டு பக்கமும் இரண்டு காதுகள். வெடிக்கும் நேரத்தில் தோட்டாவின் பின்வேகத்தை அந்த இரண்டு காதுகளும் சேர்ந்து தாங்க வேண்டும். வெர்னா இரண்டையும் மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரியாக்கினாள். உள்ளே போட்டு மூடினாள். திறந்தாள். மறுபடி வெளியே எடுத்தாள்.

வலது காதில் கரி அழிந்து உருக்கு பளபளத்தது. இடது காது மூடும்போது இருந்த மாதிரியே கறுப்பாக இருந்தது.

"இடது பக்கம் எதையும் தொடவே இல்ல" என்றாள். "ஒத்தக் காதுதான் எல்லாத்தையும் தாங்குது. வில்பர்ட்டோடது முப்பத்திரண்டு வருஷம் தாங்குச்சு."

துணியால் இடது காதைத் துடைத்து ரேயின் மூக்குக்கு நேரே நீட்டினாள். குறுக்குக் கோடுகள்.

"இது அரம். யாரு போட்டது, நானா? அப்ப எனக்கு ஒரு வயசு."

ரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். "இது... இது ஒண்ணு இப்படி இருந்தா..."

"அடுத்தது யாரு?" என்றாள் வெர்னா.

மத்தியானத்துக்குள் பதினோரு துப்பாக்கிகள் மேசைக்கு வந்தன. ஏழில் இரண்டு காதும் பளபளத்தன. நான்கில் இடது காது கறுப்பு. வரிசை எண்களிலும் ஓர் ஒழுங்கு இல்லை. அடுத்தடுத்த எண்ணில் ஒன்று சரியாகவும் ஒன்று தவறாகவும் இருந்தது. மிஞ்சிப்போன பழைய துப்பாக்கி உடல்களில் புதுப் போல்ட்டை மாட்ட, கைக்கு வந்த இடத்தில் தேய்த்துத் தள்ளியிருக்கிறார்கள். ஒரே அளவாம்.

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றார் ரே. குரல் மாறியிருந்தது. "வியாழக்கெழமைக்குள்ள இத சரிபண்ணிக் குடுத்துரு. நீ கேக்குறதத் தர்றேன்."

"மாட்டேன்."

"என்னது?"

"தொட மாட்டேன். நான் தொட்டா மறுபடி நாந்தான் தேச்சேன்னு ஆயிரும். கம்பெனிக்கு அனுப்புங்க. இந்த வருஷம் காட்டுக்குச் சும்மா போயி மானப் பாத்துட்டு வாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

வில்பர்ட் டிரக்கிலிருந்து இறங்கி வந்தான். கை இன்னும் பைக்குள்தான். கறுத்த காதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"நீ ஸ்பிரிங் மாத்துனப்ப என்னோட போல்ட்ட வெளிய எடுத்தியா வெர்னா?"

"எடுத்தேன்."

"அப்ப இந்தக் கோடு இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லலாம். இன்றைக்கு அவள் எது சொன்னாலும் நம்புவார்கள்.

"இருந்துச்சு."

"பாத்தியா?"

"பாத்தேன். கம்பெனிக்காரன் செஞ்சது, சரியாத்தான் இருக்கும்னு மூடிட்டேன்."

வில்பர்ட் கையை வெளியே எடுத்தான். அடிக்க ஓங்குகிறானோ என்று ரே ஓரடி முன்னால் வந்தார். வில்பர்ட் மேசைக் காலை எட்டி உதைத்தான். திருகாணிகள் சரளையில் சிதறின.

"ஒரு வார்த்த! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல! 'வில்பர்ட், இத சுடாத'ன்னு. வாயில என்ன வெச்சிருந்த?"

"நீ கையெழுத்துப் போட்டப்ப உன் வாயில என்ன இருந்துச்சு?" என்று கத்தினாள் வெர்னா. கத்திய பிறகு குரல் உடைந்தது. "நான் பாத்தது தப்பு. சொல்லாதது தப்பு. தேச்சது நான் இல்ல. ரெண்டும் வேற வேற வில்பர்ட்."

அவன் தன் டிரக் பக்கம் திரும்பினான்.

வெர்னா தன் டிரக்கின் முன்மூடிமேல் ஒரு தாளை விரித்தாள். பதினோரு வரிசை எண்களையும், எந்தக் காது தொட்டது எது தொடவில்லை என்பதையும் எழுதினாள். கீழே ஒரு வரி விட்டு எழுதினாள்: 'வில்பர்ட் நீமியின் துப்பாக்கியிலும் இந்த அரக்கோடுகளை விபத்துக்கு முன்பே பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.' கையெழுத்துப் போட்டாள். பேனாவை ரேயிடம் நீட்டினாள்.

"அந்தக் கடைசி வரி எதுக்கும்மா? அத வெச்சு உன்னையே மாட்டிவிடுவான்."

"விடட்டும். போடுங்க."

ரே போட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். கடைசியில் வில்பர்ட் வந்தான். அந்த ஒற்றை வரியை இரண்டு முறை படித்தான்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றான்.

"நெனைக்கல."

அவன் பேனாவை வலது கையின் மூன்று விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, தன் பெயரை எழுதினான்.