கட்டிலிலிருந்து தெரியும் நிறம்

எங்கள் வீட்டு ஹாலில் கட்டில் போட ஒரே ஓர் இடம்தான் உண்டு. தலை வடக்கே இருக்கக் கூடாது, கால் சாமி மேடையைப் பார்த்து நீளக் கூடாது. இரண்டையும் கழித்தால் மிச்சம் தெற்கு மூலைதான். அங்கே படுத்தால் கால்மாட்டில் அடுப்படிக் கதவு வரும். அதனால் டிவி அலமாரி பக்கத்துச் சுவரோரம், சாமி மேடைக்கும் சோபாவுக்கும் நேரெதிரே இருந்தது. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் குணாளனை அந்த மூலையில்தான் படுக்க வைத்தோம்.

மூவாரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மேசை, அலமாரி ஏற்றி லாரி ஓட்டிய மனுஷர். வாய் ஓயவே ஓயாது. முந்திக்கொண்டு போகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் திட்டுவார். இப்போது பேச்சு திரும்பி வந்தும் பேசமாட்டேன் என்கிறார். எனக்கு அதுதான் பயம். கை வராவிட்டால் நான் ஊட்டிவிடுவேன். மனுஷர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் எங்கே போய்த் தட்டுவது?

அதற்காகத்தான் புது டிவி. பழையதில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் ரூபேந்திரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடைக்கு அழைத்துப் போனான்.

"ரெண்டு வகை இருக்கும்மா. இது ஓஎல்இடி. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்புன்னா சுத்தக் கறுப்பு. எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாலும் கலர் மாறாது."

"அப்ப அதையே வாங்கிட்டுப் போலாம்லா."

"அப்பா நாள் முழுக்க நியூஸ் சேனலையே வெச்சிருப்பாரே. கீழ ஓடுற பட்டை, மூலையில உள்ள லோகோ எல்லாம் ஒரே இடத்துல நின்னா, நாளாக ஆக ஸ்க்ரீன்ல தழும்பு மாதிரி பதிஞ்சிரலாம். நம்ம ஹால்ல வெயில் வேற. பின்னாடி லைட்டு எரியுற இந்த எல்இடி நல்லா பளிச்சுன்னு இருக்கும்."

நான் இரண்டுக்கும் நேர் எதிரே நின்று பார்த்தேன். எல்இடியில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. அந்தப் பச்சையைப் பார்த்தால் போய்த் தடவிக் கொடுக்கலாம் போலிருந்தது. வீட்டு வாசலை நான் பகலில் சாத்துவதே இல்லை. யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று அவர் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்றுதான். அந்த வெயிலுக்கு இந்தப் பளபளப்புதான் சரி என்று முடிவு செய்தேன். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதைப் பற்றி மகன் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயிற்று.

வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்ததும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். கண்கொள்ளாக் காட்சி.

"எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கு."

தினமும் கேட்டேன், தினமும் அதே இரண்டு வார்த்தை. கொஞ்ச நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மேடையில இருக்குற புள்ளையாரு உங்களவிட நல்லா டிவி பாக்குறாரு," என்றுகூடச் சொல்லிவிட்டேன். அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

இரண்டொரு நாள் கழித்து, பயிற்சி கொடுக்க வரும் நர்ஸ் அவரை வாசலில் நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் விரிப்பை மாற்றினேன். இடுப்பு விட்டுப்போக, சற்று நேரம் அவர் இடத்தில் படுத்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ கல்யாணக் காட்சி. சோபாவிலிருந்து குங்குமச் சிவப்பாகத் தெரியும் கூறைப்புடவை, அங்கிருந்து பார்த்தால் பலமுறை வெளுத்த பழந்துணி மாதிரி இருந்தது. பெண்ணின் முகத்தில் சாம்பல் பூசினாற்போல ஒரு மங்கல். தலையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அதே கதிதான்.

நர்ஸ் போனதும் அவரைக் கட்டிலில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"இவ்ளோ நாளா இப்படியா பாத்தீங்க? சொல்ல வாய் இல்ல?"

அவர் மெல்லச் சொன்னார். "நீ ஆசையா வாங்குன."

எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் போய் டிவி அலமாரியைப் பிடித்து இழுத்தேன். அவரே மூவாரிலிருந்து லாரியில் ஏற்றி வந்த அலமாரி அது, நல்ல கனம். திரையைக் கட்டில் பக்கம் திருப்பலாம் என்று பார்த்தால் ஒரு மூலை சோபாவில் போய் இடித்தது.

"கோஸ்தான்," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். லாரியைப் பின்னால் எடுக்கும்போது சொல்கிற வார்த்தை. வராத கை மடியில் கிடக்க, நல்ல கையைத் தூக்கி எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"கோஸ்தான்... கோஸ்தான்... ஒடிச்சு எடு. சோபாக் கால இடிக்காத. ம்... வா, வா. போதும்."

டிவி கட்டிலுக்கு நேராக நின்றது. கூறைப்புடவைக்குச் சிவப்பு திரும்பியிருந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சோபாவில் போய் விழுந்தேன். இப்போது எனக்கு வெளுப்பு.

"ரூபன்கிட்ட சொல்லி அந்த இன்னொன்னையே மாத்திக் கேக்கலாம். அதுன்னா நீங்க அங்கருந்தும் பாக்கலாம், நான் இங்கருந்தும் பாக்கலாம்."

"வேணாம்."

"ஏன்?"

"அத வாங்குனா நீ அங்கயே உக்காந்துக்குவ." தலையணையைச் சுவரோரம் தள்ளி, கட்டிலில் கொஞ்சம் இடம் செய்தார். "இதுன்னா இங்க வந்துதான் பாக்கணும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவரைத் தொடாமல் ஒரு நாளும் போனதில்லை. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புரட்டிப் படுக்க வைத்தேன். ஆனால் சும்மா பக்கத்தில் போய் உட்கார்ந்ததே இல்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன். அவர்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

போய் உட்கார்ந்தேன். அவருடைய தோள் என் தோளில் சாய்ந்தது. பாதி பாரம்தான் சாய்த்தார், எனக்கு இடுப்பு வலி என்று அவருக்குத் தெரியும். திரையில் மாமியார் வேஷக்காரி யாரிடமோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றா பாரு," என்றார் அவர். "சரியான கள்ளச் சிரிப்பி."

ரொம்ப நாளைக்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்த பட்டப்பெயர். அடுப்பில் சோறு குழைகிற வாசம் வந்தது. குழையட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.