வாத்துக்கு ஒப்பாரி

எருசலேமில் சிபியாள் வந்து மாரில் அடித்துக்கொண்டால்தான் சாவு வீடு களைகட்டும். செத்தவன் ஊரறிந்த கஞ்சனாக இருந்தாலும் அவளுடைய ஒப்பாரியில் வள்ளலாகிவிடுவான். நகரம் எரிந்து, பாபிலோன்காரர்கள் எல்லாரையும் ஓட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் வெட்டப் போட்டபின் அவள் பிழைப்பில் மண் விழுந்தது. கரையில் உட்கார்ந்து ஊரே இலவசமாக அழுதது. கூலிக்கு அழ ஆள் யாருக்கு வேண்டும்?

"அழறதைப் பாரு, மூக்கால. ராகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று கணவன் மெசுல்லாமிடம் பொருமுவாள்.

"எங்க, நீதான் அழுது காட்டேன்."

உடனே மண்கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். கோயில் எரிந்த அன்றிலிருந்து அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. தொழில்காரிக்கு இது வெளியே சொல்லக்கூடிய விஷயமா?

அந்தச் சமயத்தில்தான் கங்காணி ரீமூத்தின் வாத்து செத்தது. பாபிலோன்காரன் பிள்ளைபோல வளர்த்த வாத்து. மண் சுமந்த யூதர்களில் அது கொத்தாத பின்புறம் கிடையாது. பேரீச்சம்பழத்தை வகைதொகை இல்லாமல் விழுங்கி மல்லாந்துவிட்டது.

ரீமூத் வீங்கிய கண்ணோடு வந்து நின்றான். "ஏம்மா, உங்க ஊர்ல நீ பெரிய அழுகைக்காரியாமே? என் செல்லத்துக்கு வந்து அழு."

"வாத்துக்கா?"

மெசுல்லாம் அவளைக் கிள்ளினான். "வருவாய்யா, கண்டிப்பா வருவா."

கங்காணி வீட்டு முற்றத்தில் வாத்தை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கால் ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்கவேண்டும் என்று உத்தரவு. சிபியாள் தலையை விரித்துப் போட்டு, யூதர் பேச்சில் எடுத்தாள்:

"கொத்தி வாழ்ந்த கொள்ளிவாயே, கொழுத்துச் செத்த தொந்திராசா! எங்க பின்னாலெல்லாம் உன் முத்திரை, நாயே, நீ போனியே!"

ரீமூத் நிமிர்ந்தான். அந்த ஒரு சொல் இரண்டு பேச்சிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "நாயா? வாத்தை ஏன் நாய்ங்கறே?"

"நன்றியில நாயை மிஞ்சினதுன்னு சொன்னேங்கய்யா."

"ஆமாம்மா, ஆமாம்" என்று அவன் விம்மினான். பின்னால் நின்றவர்கள் முகத்தைத் துணியில் புதைத்துக் குலுங்கினார்கள்.

ஒப்பாரியில் அடுத்து, செத்தவர் வீட்டு வாசலைக் கூப்பிடவேண்டும். பழக்கத்தில் வாய் தானே போயிற்று. "வாசலே, உன் கதவு எங்கே..." அதோடு நின்றது. அவளுக்குத் தெரிந்த வாசல் ஒன்றுதான். அது எருசலேமில் அத்திமரத்தோடு சேர்ந்து எரிந்துபோன அவள் வீட்டு வாசல். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ராகமே இல்லாத சத்தம். மூக்கும் வாயும் ஒழுக, மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவர்களும் உடைந்துபோனார்கள். மெசுல்லாம் பக்கத்தில் கிடைத்த தோளில் சாய்ந்தான். அது கங்காணியின் தோள்.

"என் வாத்து மேல இவ்வளவு பாசமாடா உனக்கு?" என்று ரீமூத் அவனைக் கட்டிக்கொண்டு கதறினான்.

எல்லாரும் ஓய்ந்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த ரீமூத்தின் தாய் கைதட்டிக் கூப்பிட்டாள். "ஏண்டி, நான் செத்தாலும் இப்படி வந்து அழுவியா?"

"வரேம்மா."

"அப்ப நான் கேக்க முடியாதே. இப்பவே பாடு. என் மருமகளைத் திட்டி நாலு வரி சேத்துக்கோ."

சிபியாள் மூக்கைச் சிந்தினாள், தொண்டையைச் செருமினாள், மருமகளின் பெயரைக் கேட்டாள்.