சுவரில் சிரித்த மேவிஸ்

என் தங்கை மேவிஸின் முகத்தை இங்கிலாந்தின் ஹல் நகரம் முழுவதும் ஒட்டியவன் நான்தான். பசை வாளியும் ஏணியுமாக அலைந்த சுவரொட்டிக்காரன். நடனக் கூடத்தில் அவளைப் பார்த்த புகைப்படக்காரர் ஒருவர் சிகரெட் விளம்பரத்துக்கு அழைத்துப் போனார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதுவரை சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இருமாமல் சிரித்து முடிக்க ஒரு மதியம் முழுக்கப் பிடித்ததாம்.

அது 1961. எங்கள் டாக்டரே புகைத்துக்கொண்டுதான் நாடி பார்ப்பார். துறைமுகத்துச் சுவரில் பத்தடி உயரத்துக்கு நின்ற மேவிஸைப் பார்த்து மீனவர்கள் தொப்பியைத் தூக்குவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பிறகு தொலைக்காட்சியிலிருந்து சிகரெட் விளம்பரம் போனது. பெட்டிமேல் எச்சரிக்கை வந்தது. 2003இல் சுவர்களிலிருந்தும் போனது. கடைசி விளம்பரத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டு நான் ஓய்வு பெற்றேன். மேவிஸ் மட்டும் அன்று தொட்ட சிகரெட்டை விடவில்லை. மறு வருடம் நுரையீரல் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும், சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிப் போகச் சொல்வாள். தூறலில் உட்கார்ந்து அவள் பற்றவைத்தால், அந்தப் பக்கம் வருகிற தாய்மார்கள் பிள்ளைகளை விலக்கி இழுத்துக்கொண்டு போவார்கள்.

பக்கத்துக் கட்டிலில் நிமோனியாவோடு மிஸஸ் பிளெங்கின் என்ற விதவை இருந்தார். மேவிஸுக்கு அவர்தான் திராட்சை உரித்துக் கொடுப்பார். ஒருநாள் தானாகவே சொன்னார்.

"நான் ஒருதடவகூட ஊதினதில்லம்மா. என் வீட்டுக்காரர் வில்ஃப்தான். துறைமுகத்துச் சுவத்துல ஒருத்தி சிரிச்சிட்டு நிப்பா. அவளப் பாத்துட்டுத்தான் அந்த சிகரெட்ட வாங்கினாரு. அம்பத்தோரு வயசுல போய்ச் சேந்துட்டாரு."

நான் வாயைத் திறந்தேன். மேவிஸ் என் மணிக்கட்டை அழுத்திவிட்டு, "என்ன வேல பாத்தாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"படகுல வலை இழுத்தாரு."

வாசலுக்குப் போனதும் மேவிஸ் சொன்னாள்: "நாளைக்குச் சொல்லிடப் போறேன், லென்."

"வேணாம். இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?"

"சொல்லாம அந்தத் திராட்சயத் தின்னா, திருடித் தின்ன மாதிரி இருக்கு."

மறுநாள் காலை சொன்னாள். மிஸஸ் பிளெங்கின் அவளை வெகுநேரம் பார்த்தார்.

"பல்வரிசை அதேதான்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒட்டியவன் நான் என்று மேவிஸ் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இரண்டு நாள் அவர் பேசவே இல்லை. மூன்றாம் நாள் நான் தேநீர் வாங்கப் போயிருந்தபோது மேவிஸுக்கு மூச்சு முட்டியது. திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றி நர்ஸுகள். அழைப்பு மணியை அழுத்தியது மிஸஸ் பிளெங்கின் என்றார்கள்.

மறுநாள் மதியம் மேவிஸ் இறந்தாள். அவள் சாமான்களை எடுக்கப் போனபோது மிஸஸ் பிளெங்கினுக்கு நன்றி சொன்னேன்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றார். "வில்ஃபும் கடைசில அப்படித்தான் மூச்சுக்குத் தவிச்சாரு. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியல, அவ்வளவுதான்."

மேவிஸின் செருப்பையும் கண்ணாடியையும் பையில் போட்டேன். உடனே கிளம்ப மனம் வரவில்லை. அவர் கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரும் போகச் சொல்லவில்லை.